மூளையை அளந்த நிரல்களும் அவற்றைப் பொதிந்தளித்தோரும்

கணக்குப் பாடம் நடத்திய ஆசிரியர் எவரும் அறிந்த உண்மை ஒன்றுண்டு. விடையை மட்டும் எழுதிவிட்டு வழியை எழுதாத மாணவனுக்கு முழு மதிப்பெண் கிடைப்பதில்லை. அவன் கண்ட விடை சரியானதாகவே இருக்கலாம். ஆயினும், அவ்விடை எவ்வாறு பிறந்தது என்பதை வேறொருவர் படிப்படியாகச் செய்து பார்க்க இயலாதவரை, அது அவனுடைய நற்பேறாகுமே தவிர அறிவாகாது. அறிவியலின் அடித்தளமும் இதுவேயாகும். ஒருவர் கண்டதை இன்னொருவர் மீண்டும் காண இயலவேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில், மனித மூளையைப் பற்றிய ஆய்வு கணினியின் துணையின்றி ஓரடியும் நகர இயலாத நிலையை எய்தியது. அன்றுமுதல் ‘வழி’ என்பது தாளில் எழுதப்படும் சில வரிகளாக இராமல், பல்லாயிரம் வரிகள் கொண்ட கணினி நிரல்களாக மாறிற்று. அந்நிரல்களை எவரும் எடுத்து இயக்கிச் சரிபார்க்கும் வண்ணம் ஒழுங்குபடுத்தித் தந்தோரின் வரலாற்றை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இப்பணியால் அவர்கள் மூளையைப் பற்றிய புத்துண்மை எதையும் கண்டறியவில்லை. பிறர் கண்டறிந்ததை நம்புவதற்குரிய நிலத்தைச் செம்மை செய்தனர். உழவனைப் பாடும் உலகம் வரப்பு கட்டியவனைப் பாடுவதில்லை. ஆயினும் வரப்பின்றி நீர் நிற்குமோ?

மூளைக்குள் ஒரு சாளரம்

காந்த அதிர்வைக் கொண்டு உடலின் உட்புறத்தைப் படமாக்கலாம் என்பதை 1973-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் பால் லாட்டர்பர் எடுத்துக்காட்டினார். இங்கிலாந்து அறிஞர் பீட்டர் மேன்ஸ்ஃபீல்டு அம்முறையை மேலும் விரைவுபடுத்தினார். இவ்விருவருக்கும் 2003-ஆம் ஆண்டில் மருத்துவத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பெற்றது. எம்.ஆர்.ஐ. என்று மருத்துவமனைகளில் நாம் கேள்விப்படும் கருவி இதன் பயனே.

1990-ஆம் ஆண்டில் செய்ஜி ஒகாவா என்னும் ஜப்பானிய அறிஞர் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் இன்னொரு வாயிலைத் திறந்தார். உயிர்வளி ஏந்திய குருதியும் அதனை இழந்த குருதியும் காந்தப்புலத்தில் வெவ்வேறு விதமாக நடந்துகொள்கின்றன. மூளையின் ஒரு பகுதி உழைக்குங்கால் அங்குக் குருதியோட்டம் மிகுகின்றது. எனவே, குருதியின் காந்தத் தன்மையில் நேரும் மாற்றத்தைப் படமெடுத்தால், மூளையில் எப்பகுதி உழைக்கின்றது என்பதை மண்டையோட்டைத் திறவாமலே உய்த்துணரலாம். 1992-ஆம் ஆண்டில் மனித மூளையில் இம்முறை கையாளப்பட்டு, பல ஆய்வுக்கூடங்களிலிருந்து முடிவுகள் வெளிவந்தன.

எனினும், இச்சாளரத்தின் வழியே தெரிவது மங்கலான காட்சியே. ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் பக்க அளவுள்ள சிறு கனசதுரங்களாக மூளை முழுவதும் பகுக்கப்படுகின்றது. அத்தகைய பல்லாயிரம் கனசதுரங்கள் ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டு மூன்று நொடிக்கு ஒருமுறை ஓர் எண் வந்துகொண்டே இருக்கும். நாம் தேடும் மாற்றமோ நூற்றுக்குச் சில பங்கே. படுத்திருப்பவர் சற்றே தலையசைத்தாலும் அம்மாற்றம் புதைந்துபோகும். தலையசைவைச் சரிசெய்தல், ஒருவர் மூளையை மற்றவர் மூளையோடு பொருத்துதல், இரைச்சலிலிருந்து செய்தியைப் பிரித்தல் ஆகிய அனைத்தையும் செய்வது நிரலே. செய்தித்தாளில் நாம் காணும் மூளைப்படத்தின் செந்நிறத் திட்டு புகைப்படக் கருவி கண்டதன்று; நிரல் கணக்கிட்டு வரைந்தது.

அத்தகைய நிரல்கள் வெவ்வேறு ஆய்வுக்கூடங்களில் தோன்றின. 1991-ஆம் ஆண்டில் இலண்டனில் கார்ல் ஃப்ரிஸ்டன் எஸ்.பி.எம். என்னும் நிரலை வெளியிட்டார். 1994-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மருத்துவக் கல்லூரியில் இராபர்ட் காக்ஸ் ஏ.எஃப்.என்.ஐ. என்பதை உருவாக்கினார். 2000-ஆம் ஆண்டில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்திலிருந்து எஃப்.எஸ்.எல். வந்தது. மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையைச் சார்ந்த ஆய்வாளர்கள் மூளைப் புறணியின் தடிப்பை அளக்க ஃப்ரீசர்ஃபர் என்பதனை ஆக்கினர்.

இவற்றை ஆக்கியோர் மூளையறிஞர்களேயன்றி மென்பொருள் வணிகர்கள் அல்லர். ஒவ்வொரு நிரலும் பிறந்த கூடத்தின் கணினிக்கேற்ப அமைந்திருந்தது. அதனை வேறோர் ஊரில் நிறுவ முற்படுவோர், அதற்குத் துணையாக வேண்டிய வேறு பத்து நிரல்களைத் தேடவேண்டியிருந்தது. அவற்றுள் ஒன்று பழையதாயிருந்தால் மற்றொன்று இயங்க மறுத்தது. ஒரு கூடத்தில் அனைத்தையும் பொருத்தி வைத்த ஆராய்ச்சி மாணவர் பட்டம் பெற்று வெளியேறிய அன்றே, அந்தப் பொருத்தத்தின் மறைபொருளும் அவருடன் வெளியேறியது.

பொதுவுடைமையாய் ஒரு கணினி அமைப்பு

இதே காலத்தில் வேறோர் இயக்கம் வளர்ந்துகொண்டிருந்தது. 1983-ஆம் ஆண்டில் ரிச்சர்டு ஸ்டால்மன் குனு என்னும் திட்டத்தை அறிவித்தார். நிரலை இயக்கவும், அதன் உள்ளமைப்பைப் படிக்கவும், திருத்தவும், பிறர்க்கு அளிக்கவும் மாந்தர் அனைவர்க்கும் உரிமை வேண்டும் என்பது அவர்தம் கொள்கை. 1991-ஆம் ஆண்டில், ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், கணினியின் உறுப்புகளை ஆளும் கருநிரலை எழுதி வெளியிட்டார். அதுவே லினக்ஸ்.

கருநிரல் ஒன்றே வீடாகிவிடாது. செங்கல்லும் மரமும் ஓடும் தனித்தனியே குவிந்து கிடந்தால் குடிபுகுதல் எங்ஙனம்? லினக்ஸ் கருநிரலையும் ஆயிரக்கணக்கான பிற நிரல்களையும் ஒன்றோடொன்று இசையுமாறு தொகுத்து வழங்கும் ஏற்பாட்டிற்கு ‘வழங்கல்’ என்று பெயர். 1993 ஆகஸ்டு 16-ஆம் நாள், அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக மாணவர் ஐயன் மர்டாக் அத்தகையதொரு வழங்கலைத் தொடங்கினார். தம் காதலி டெப்ரா பெயரின் முதற்பகுதியையும் தம் பெயரையும் இணைத்து அதற்கு டெபியன் என்று பெயரிட்டார். எந்நிறுவனத்தின் உடைமையாகவும் இராமல் தொண்டர்களின் உழைப்பால் இன்றும் அது நடைபெற்று வருகின்றது.

டெபியன் தொண்டர்கள் 1997-ஆம் ஆண்டில் ஒரு சமுதாய ஒப்பந்தத்தை எழுதி ஏற்றனர். எத்தகைய உரிமம் கொண்ட நிரல் கட்டற்றது எனத் தகும் என்பதற்கு அதில் வரையறைகள் வகுக்கப்பட்டன. இன்ன தொழிலுக்குப் பயன்படுத்தலாகாது என்று விலக்கும் உரிமம் கட்டற்றதாகாது என்பது அவற்றுள் ஒன்று. அடுத்த ஆண்டில் தோன்றிய ‘திறந்த மூலம்’ என்னும் கருத்தின் வரையறையும் இதனையே தாயாகக் கொண்டது.

டெபியனில் ஒவ்வொரு நிரலும் ஒரு ‘பொதி’யாகக் கட்டப்பெறுகின்றது. நிரலோடு அதன் பெயர், பதிப்பெண், உரிமம், அது சார்ந்திருக்கும் பிற நிரல்களின் பட்டியல் ஆகியவையும் பொதிக்குள் இருக்கும். பயன்படுத்துவோர் ஒரு கட்டளையிட்டால் போதும். வேண்டிய பொதியும் அதற்குத் துணையான பொதிகளும் தாமே வந்து உரிய இடத்தில் அமரும்.

இரு நீரோடைகளின் கூடல்

மருத்துவத்திற்கு வேண்டிய நிரல்களை டெபியனுக்குள் கொணரும் முயற்சி 2002-ஆம் ஆண்டில் டெபியன்-மெட் என்னும் பெயரில் தொடங்கிற்று. சில ஆண்டுகளில் மூளையாய்வுக்கெனவே தனி முயற்சி ஒன்று முளைத்தது. மைக்கேல் ஹாங்கே, யாரொஸ்லாவ் ஹால்சென்கோ என்னும் இருவர் அதன் தூண்களாயினர். முன்னவர் ஜெர்மனியின் மாக்டபர்க் நகரிலும், பின்னவர் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியிலும் உளவியல், மூளையாய்வுத் துறைகளைச் சார்ந்து பணியாற்றியவர்கள். மூளைப்படங்களில் பொதிந்துள்ள வடிவங்களைக் கணினிக்குக் கற்பிக்கும் நிரலொன்றையும் அவர்கள் இணைந்து எழுதினர். தம் ஆய்வுக்கு வேண்டியதைத் தமக்காகப் பொதி கட்டிக்கொண்டவர்கள், உலகிற்காகக் கட்டத் தொடங்கினர். அம்முயற்சியே நியூரோடெபியன்.

2012-ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட கட்டுரை, திறந்திருப்பது மட்டும் போதாது என்னும் கருத்தையே தலைப்பில் தாங்கியிருந்தது. மூல நிரலை வெளியிட்டுவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணியோர்க்கு அது நல்லதோர் அறிவுரை. நூலகத்தின் கதவு திறந்திருக்கலாம். நூல்கள் அடுக்கப்படாமலும் அட்டவணையிடப்படாமலும் தரையில் குவிந்திருந்தால், திறந்த கதவால் வாசகர்க்கு என்ன பயன்?

நியூரோடெபியன் குழுவினர் கட்டிய பொதிகளைக் கூடியவரை டெபியனுக்கே அளித்தனர். பழைய பதிப்பு டெபியனையும், அதன் வழிவந்த உபுண்டுவையும் பயன்படுத்துவோர்க்கும் புதிய நிரல்கள் கிட்டும்பொருட்டுத் தனிக் களஞ்சியமொன்றைப் பேணினர். வேறு இயங்குதளம் உடையோர், தம் கணினிக்குள்ளேயே ஒரு டெபியன் கணினியை இயக்கும் ஏற்பாட்டையும் செய்து தந்தனர்.

இப்பணியில் உரிமச் சிக்கல்கள் குறுக்கிட்டன. ஆக்ஸ்ஃபோர்டின் எஃப்.எஸ்.எல். மூல நிரலை வெளியிட்டிருந்தது. ஆயினும் வணிகப் பயன்பாட்டை அதன் உரிமம் தடுத்தது. டெபியனின் வரையறைப்படி அது கட்டற்றதாகாது. ஆகவே முதன்மைத் தொகுப்பில் இடம்பெறாமல், கட்டுடையவற்றுக்கான புறப்பகுதியிலேயே அது வைக்கப்பட்டது. எஸ்.பி.எம்.மின் நிலை இதற்கு மாறானது. அதன் உரிமம் முற்றிலும் கட்டற்றது. ஆயின் அது எழுதப்பட்ட மேட்லாப் என்னும் மொழியமைப்போ விலைக்கு விற்கப்படுவது. சாவியை இலவசமாய் அளித்துப் பூட்டிற்கு விலை கேட்பது போன்ற நிலை அது. ஒரு நிரல் உண்மையிலேயே எந்த அளவிற்கு அனைவர்க்கும் உரியது என்னும் வினாவைப் பொதி கட்டுவோரைப் போல் உற்று வினவியோர் அரியர்.

டெபியனைப் போன்ற மற்றொரு வழங்கலாகிய ஃபெடோராவிலும் நியூரோஃபெடோரா என்னும் தொண்டர் குழு இதே பணியை மேற்கொண்டது. மூளைப்படங்களைப் பகுக்கும் நிரல்களோடு, நரம்பணுக்களின் செயலைக் கணினியில் ஒப்புருவாக்கிக் காட்டும் நிரல்களுக்கும் அக்குழு பொதி கட்டியது.

பொதி கட்டும் கலை

பொதி கட்டுதல் என்பது கயிறு கொண்டு கட்டும் எளிய வேலையன்று. முதற்பணி உரிமத்தைப் படித்தல். நிரலில் உள்ள ஒவ்வொரு கோப்பும் யாருடையது, எவ்வுரிமம் கொண்டது என்பதனைத் துருவி எழுதவேண்டும். பல்லாண்டு வளர்ந்த ஆய்வு நிரலொன்றில், எங்கிருந்தோ எடுத்து ஒட்டப்பட்ட துண்டுகள் பல மறைந்திருக்கும். அவற்றுள் ஒன்றன் உரிமம் தெளிவற்றதாயின், எழுதியவரைத் தேடிப்பிடித்து இசைவு பெறும்வரை பொதி காத்திருக்கவேண்டியதே.

அடுத்தது சார்புகளைப் பிரித்தல். ஆய்வுக்கூட நிரல்கள் பிறர் நிரலகங்களின் பழைய படிகளைத் தம் வயிற்றுக்குள்ளேயே சுமந்துகொண்டிருப்பது வழக்கம். அவ்வாறு பத்து நிரல்கள் ஒரே நிரலகத்தின் பத்துப் படிகளைச் சுமந்தால், அதில் ஒரு பிழை கண்டபோது பத்து இடங்களில் திருத்தவேண்டும். ஆகவே அப்படிகளை நீக்கி, அனைவர்க்கும் பொதுவான ஒரே நிரலகத்தைப் பயன்படுத்துமாறு பொதி கட்டுவோர் அமைக்கின்றனர்.

பின்னர், வெவ்வேறு வகைக் கணினிகளில் நிரலை ஆக்கிச் சோதிக்கவேண்டும். ஓர் எண்ணைச் சில கணினிகள் பெரிய முனையிலிருந்தும் சில கணினிகள் சிறிய முனையிலிருந்தும் எழுதி வைக்கும். மூளைப்படங்களைச் சேமிக்கும் நிஃப்டி என்னும் கோப்பு வடிவில், தலைப்பகுதியின் நீளமாகிய 348 என்னும் எண்ணே முதலில் நிற்கும். படிக்கும்போது அது 348 ஆக வாராவிடில், எண்கள் தலைகீழாய் உள்ளன என்று நிரல் உணர்ந்து திருப்பிப் படிக்கவேண்டும். எழுதியவர் தம்மிடமிருந்த ஒரே வகைக் கணினியில் மட்டும் ஓட்டிப் பார்த்திருந்தால், இதனை மறந்த பிழை வெளிப்படாமலே இருந்துவிடும். பல வகைக் கணினிகளில் சோதிக்கும்போதோ அது சிக்கிக்கொள்ளும்.

இவையெல்லாம் நிறைவேறிய பின்னும், புதிய பொதியை வேறு தொண்டர்கள் ஆய்ந்து ஏற்றால்தான் அது முதற்படியாகிய நிலையாப் பதிப்பில் நுழையும். பொம்மைகளின் கதை கூறும் டாய் ஸ்டோரி திரைப்படத்தின் பாத்திரப் பெயர்களையே டெபியன் தன் பதிப்புகளுக்குச் சூட்டுவது மரபு. நிலையாப் பதிப்பிற்கு வாய்த்த பெயர் சிட். பொம்மைகளை உடைக்கும் சிறுவனின் பெயர் அது! அங்குச் சில நாள் பெரும்பிழையின்றி நிலைத்த பொதி சோதனைப் பதிப்பிற்கு ஏறும். அப்பதிப்பு உறைந்து முதிர்ந்தபின் நிலைத்த பதிப்பாக வெளிவரும்.

எடைக்கல்லின் பிழை

இத்துணை உழைப்பும் எதற்கு என்று சிலர் வினவக்கூடும். அவ்வினாவிற்கு விடையாக 2012-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஃப்ரீசர்ஃபர் நிரலின் மூன்று பதிப்புகளைக் கொண்டு அதே மூளைப்படங்களை அளந்தபோது, மூளைப் பகுதிகளின் கன அளவில் சராசரி 8.8 விழுக்காடு வேறுபாடு காணப்பட்டது. புறணித் தடிப்பில் அது 2.8 விழுக்காடு. நிரலின் பதிப்பு ஒன்றேயாயினும், கணினி வகையோ இயங்குதளப் பதிப்போ மாறியபோதும் வேறுபாடு தோன்றிற்று. அதன் அளவு இதனிற் பாதியளவு இருந்தது. மறதி நோயுற்றோரின் மூளையில் நினைவிற்குரிய பகுதி ஆண்டொன்றுக்குச் சில விழுக்காடே சுருங்குகின்றது. நோயை அளக்கும் எடைக்கல்லே நோயின் அளவிற்கு ஏறி இறங்கினால், மருத்துவர் எதனை நம்புவார்?

2015-ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வு இதன் வேரைக் காட்டியது. எல்லா நிரல்களும் சார்ந்திருக்கும் அடிப்படை நிரலகம் ஒன்று லினக்ஸில் உண்டு. அதன் பதிப்புகள் மாறுங்கால், கணிதச் செயல்களின் விடையில் கடைசி இலக்கங்கள் மிகச் சிறிதளவு மாறுகின்றன. நீண்ட கணக்கில் அச்சிறு மாற்றம் அடுக்கடுக்காய்ப் பெருகி முடிவைத் திரித்துவிடுகின்றது.

அடுத்த ஆண்டில், ஸ்வீடனிலும் இங்கிலாந்திலும் பணியாற்றிய எக்லண்ட், நிக்கல்ஸ், நுட்சன் ஆகிய மூவர் மேலும் ஓர் அதிர்ச்சியைத் தந்தனர். எப்பணியும் செய்யாது ஓய்வாய்ப் படுத்திருந்த நலமான 499 பேரின் மூளைப்படங்களை எடுத்துக்கொண்டு, எஸ்.பி.எம்., எஃப்.எஸ்.எல்., ஏ.எஃப்.என்.ஐ. ஆகியவற்றால் ஏறத்தாழ 30 இலட்சம் குழுப் பகுப்பாய்வுகளை அவர்கள் நிகழ்த்தினர். இல்லாத செயலை உண்டென்று காட்டும் பிழை நூற்றுக்கு ஐந்துக்கு மேல் நேரலாகாது. ஆனால், சில முறைகளில் அது நூற்றுக்கு எழுபது வரை ஏறிற்று. ஏ.எஃப்.என்.ஐ. நிரலின் ஒரு பகுதியில் 15 ஆண்டுகளாய் எவர் கண்ணிலும் படாதிருந்த பிழையொன்றும் அவ்வாய்வால் வெளிப்பட்டு, 2015-இல் திருத்தப்பட்டது.

இதனைக் கேட்டு மூளையாய்வு முழுவதும் பொய் என்று முடிவு கட்டுதல் தவறு. அப்பிழை எவ்வாறு வெளிப்பட்டது என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். படங்கள் பொதுவில் இருந்தன. நிரல்களும் எடுத்து ஓட்டிப் பார்க்கும் நிலையில் இருந்தன. எனவே பிழை காணப்பட்டது, திருத்தவும்பட்டது. மூடிய அறைக்குள் இருந்த பிழையாயின், அது இன்றும் உண்மையின் வேடத்தில் உலவிக்கொண்டிருக்கும்.

மறுபக்கத்தையும் கூறுதல் நேர்மையாகும். ஆய்வு நிரலை ஆக்கியோருள் சிலர்க்குப் பொதி கட்டுவோர்மீது மனக்குறை உண்டு. தாம் சோதித்த பழைய நிரலகத்தை நீக்கிப் பொதுவான புதிய நிரலகத்தைச் சேர்த்தால், விடை மாறாதா என்பது அவர்தம் வினா. அதில் நியாயம் இல்லாமற் போகவில்லை. 2013-ஆம் ஆண்டு முதல் பரவிய கொள்கலன் முறை இதற்கு ஒரு மாற்று. நிரலையும் அது சார்ந்த அனைத்தையும் ஒரே பெட்டிக்குள் அடைத்து முத்திரையிட்டு, எங்கும் அவ்வாறே இயக்கலாம். ஆயினும் பெட்டி தானே உருவாவதில்லை. அத்தகைய பெட்டிகள் பலவற்றின் அடித்தளமாய் டெபியனோ உபுண்டுவோ இருக்கின்றது. பெட்டி, ஒரு நாளின் நிலையை உறையவைக்கின்றது; பொதி, நாள்தோறும் அதனைச் செப்பனிடுகின்றது. ஒன்று ஊறுகாய், மற்றொன்று தோட்டம். இரண்டும் வேண்டுவனவே.

தோள் கொடுப்போர்

இத்துறையில் எஞ்சி நிற்கும் கவலை ஒன்றுண்டு. புதிய நிரலை எழுதியவர்க்குக் கட்டுரை உண்டு. கட்டுரையால் பட்டமும் பதவியும் உண்டு. பிறர் எழுதிய நிரலைப் பல்லாண்டு பழுது நீக்கிப் பேணுவோர்க்கோ பல்கலைக்கழகக் கணக்கேட்டில் பத்தியே இல்லை. அவர்தம் வேலை செம்மையாய் நடக்கும்வரை அது எவர் கண்ணுக்கும் புலப்படுவதில்லை.

2024 மார்ச்சுத் திங்களில் நேர்ந்த நிகழ்ச்சி இக்கவலைக்குச் சான்று. டெபியன் பொதிகளைச் சுருக்கிக் கட்டுவதற்குப் பயன்படுவது எக்ஸ்-இசட் என்னும் சிறு நிரல். அதனைப் பெரும்பாலும் ஒரே தொண்டர் தம் ஓய்வு நேரத்தில் பேணிவந்தார். அவர் களைத்திருந்த வேளையில், உதவுவதாய் வந்த ஒருவர் ஈராண்டுக்கு மேலாக நம்பிக்கையை ஈட்டிப் பின்வாயிலொன்றை இரகசியமாய் அமைத்துவிட்டார். டெபியனின் நிலையாப் பதிப்பைப் பயன்படுத்திய ஆண்ட்ரெஸ் ஃப்ராயண்டு என்னும் பொறியாளர், கணினிக்குள் நுழைய வழக்கத்தினும் அரை நொடி கூடுதலாவதைக் கவனித்துத் துருவியபோது சூழ்ச்சி வெளிப்பட்டது. நிலைத்த பதிப்பை அது தீண்டவில்லை. படிப்படியாய் ஏற்றும் முறை அரணாய் நின்றது உண்மை. ஆயினும், ஒருவர் தோளில் உலகை ஏற்றி வைத்துவிட்டு நாம் உறங்கியதும் உண்மை.

தொடக்கத்தில் கூறிய மாணவனிடமே மீள்வோம். வழியையும் எழுதிக் காட்டு என்று நாம் அவனைப் பணிக்கின்றோம். அவன் எழுதிய வழியைப் பிறர் படிக்கவேண்டுமாயின் தாளும் மையும் ஒளியும் வேண்டும். மூளையாய்விற்கு அவற்றை ஆயத்தம் செய்து தந்தவர்களே பொதி கட்டியோர். ஒரு பெரும் ஆய்வுக்கூடத்து அறிஞர் கண்ட முடிவை, பொருள் வளமற்ற கல்லூரியின் இளம் மாணவரும் அதே நிரல் கொண்டு அளந்து பார்த்து, “ஐயா, இங்கே பிழையுளது” என்று எழுந்து சொல்ல இன்று வாயில் உண்டு. அவ்வாயிலைத் திறந்து வைத்திருப்போர் சிலரே. அவர்களை அறிந்து போற்றுவதோடு நில்லாமல், அவர்தம் சுமையில் ஒரு பங்கைத் தாங்க இளைஞர் முன்வருதல் வேண்டும்.